காலில் அடைப்பு நீக்கிய பிறகும் மாத்திரை ஏன்? கிரேஸி சார்லி என்ற டாக்டரின் கதை

காலில் ரத்த ஓட்டம் இல்லை என்று ஆஞ்சியோ செய்கிறார்கள். பலூன் விட்டு, தேவைப்பட்டால் ஸ்டென்ட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூடவே ஒரு மாத்திரைச் சீட்டு. அடைப்பைத்தான் சரி பண்ணியாச்சே, அப்புறம் எதுக்கு தினமும் மாத்திரை என்று சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில், இந்த சிகிச்சையைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பெயர் சார்லஸ் டாட்டர். அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் உள்ள போர்ட்லாண்ட் நகரத்து எக்ஸ்ரே டாக்டர். அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், கிரேஸி சார்லி.

காலை எடுக்க மறுத்த பாட்டி

1964 ஜனவரி. 82 வயது பாட்டி ஒருவர் போர்ட்லாண்ட் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். இடது பாதத்தில் ஆறாத புண், விரல்கள் கறுத்து அழுகத் தொடங்கிவிட்டன. காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பாட்டி மட்டும் கடைசி வரை சம்மதிக்கவே இல்லை.

அவரைப் பார்த்த சர்ஜன், டாட்டரிடம் கேஸைக் கொண்டு போனார். ஆஞ்சியோகிராமில் பார்த்தால், தொடை ரத்தக்குழாயில் ஒரே ஒரு இடத்தில்தான் சுருக்கம். ஜனவரி 16-ம் தேதி டாட்டர் அந்தச் சுருக்கத்துக்குள் மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்தார். கம்பி மேல் ஒரு டெஃப்லான் குழாய், அதன் மேல் இன்னும் தடியான இன்னொரு குழாய். அவ்ளோதான் சிகிச்சை. பலூன் எல்லாம் அப்போது கிடையாது. உள்ளே படிந்திருந்த கொழுப்பை வெளியே எடுக்கவும் இல்லை, ஓரமாக அழுத்தி வழி உண்டாக்கினார்.

சில நிமிடங்களில் பாதம் சூடானது. கொஞ்ச நாளில் வலி போனது, புண்ணும் ஆறியது. அதன் பிறகு ஏறக்குறைய மூன்று வருஷம் வாழ்ந்த அந்தப் பாட்டி, கடைசி வரை தன் சொந்தக் காலில்தான் நடந்தார்.

யார் இந்த டாட்டர்?

1920-ல் பாஸ்டனில் பிறந்தவர். டியூக் பல்கலைக்கழகத்தில் பட்டம், கார்னெலில் டாக்டர் படிப்பு. 1952-ல், 32 வயதிலேயே ஓரிகன் மருத்துவக் கல்லூரியின் எக்ஸ்ரே துறைத் தலைவர். சாகும் வரை 33 வருஷம் அந்த நாற்காலியை விட்டு அவர் நகரவில்லை.

இந்த யோசனை வந்தது ஒரு தற்செயலில். 1963-ல் ஒரு நோயாளிக்குப் படம் எடுப்பதற்காக கத்தீட்டரை உள்ளே தள்ளும்போது, இடுப்புப் பக்கம் மூடிக்கிடந்த ரத்தக்குழாய் அதுவாகவே திறந்துகொண்டது. வேறு யாராக இருந்தாலும் நல்லவேளை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டுப் போயிருப்பார்கள். டாட்டர், இதையே வேண்டுமென்று செய்தால் என்ன என்று யோசித்தார். அதே வருஷம் ஜூனில் செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரியில் நடந்த மாநாட்டில், கத்தீட்டர் படம் எடுக்கும் கருவி மட்டுமல்ல, சிகிச்சைக் கருவியும் கூட என்று பேசினார்.

கருவி எங்கே கிடைக்கும்? கடையில் கிடையாது, அவரே செய்துகொள்வார். கிடார் கம்பி, கார் ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் முயற்சி செய்தார். 1963-ல் சிகாகோ மாநாட்டில் பில் குக் என்ற இளம் தொழில்முனைவோரின் ஸ்டாலில் இருந்து ப்ளோ டார்ச்சையும் டெஃப்லான் குழாயையும் இரவல் வாங்கிக்கொண்டு ஹோட்டல் ரூமுக்குப் போனார். மறுநாள் காலையில் 10 கத்தீட்டர்களோடு திரும்பி வந்தார். குக் அவற்றை ஒன்று 10 டாலருக்கு விற்றுவிட்டார். அந்த குக்கின் கம்பெனி பின்னால் உலகம் முழுக்கப் பரவியது தனிக்கதை.

படம் மட்டும் எடுங்க

சர்ஜன்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எக்ஸ்ரே டாக்டர் என்றால் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும், வைத்தியம் பார்ப்பது எங்க வேலை என்பது அவர்கள் கணக்கு. ஒரு சர்ஜன், படம் மட்டும் எடுங்க, சரி செய்ய முயற்சிக்க வேண்டாம் என்ற அர்த்தத்தில் சீட்டிலேயே எழுதி அனுப்பினார். டாட்டரோ ஒரு பைப்பும் ஸ்பேனரும் குறுக்கே வைத்த படத்தைத் தன் சின்னமாக வரைந்து வைத்திருந்தார். பிளம்பர் செய்யும் வேலையை டாக்டர் ஏன் செய்யக் கூடாது என்பது அவர் வாதம்.

1964-ல் லைஃப் பத்திரிகையில் அவரைப் பற்றிப் படங்கள் வந்தன. கண்கள் விரிய, ஒரு மாதிரி ஆவேசத்தோடு வேலை செய்யும் அந்தப் படங்கள் கிரேஸி சார்லி என்ற பெயரை இன்னும் பலமாக ஒட்ட வைத்தன. அமெரிக்காவில் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஐரோப்பாவில் அந்த சிகிச்சைக்கே டாட்டரிங் என்று பெயர் வைத்துச் செய்யத் தொடங்கினார்கள்.

ஆனால் சர்ஜன்களின் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். திறந்த குழாய்களில் சில மறுபடி மூடிக்கொண்டன.

திறந்தது ஏன் மூடுகிறது?

கம்பியோ பலூனோ உள்ளே போய் அழுத்தும்போது, ரத்தக்குழாயின் உள்சுவரில் கீறல் விழுகிறது. உடம்புக்கு அது ஒரு காயம். கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைவது மாதிரியே, தட்டணுக்கள் அங்கேயும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். வெளிக்காயத்தில் இது நல்லது. விரல் தடிமன் கூட இல்லாத குழாய்க்குள் இது அடைப்பு. ஆக, குழாயைத் திறப்பது ஒரு வேலை, அதைத் திறந்தபடியே வைத்திருப்பது இன்னொரு வேலை.

ஜெர்மனியில் டாட்டரின் முறையைக் கையில் எடுத்த எபர்ஹார்ட் ஸைட்லர், இதைத்தான் சோதித்துப் பார்த்தார். டாட்டர் முறையில் அடைப்பு நீக்கியவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஆரம்ப நாட்களின் பலன் எப்படி மாறுகிறது என்ற ஆய்வை 1973-ல் அவர் குழு வெளியிட்டது. தலைவலிக்குப் போடும் அதே ஆஸ்பிரின்தான்!

டாட்டரும் சும்மா இருக்கவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து அப்போதே இருந்தது. மாரடைப்புக்குப் போடும் ஊசி என்று நம்மூரிலும் பலருக்குத் தெரியும். நரம்பு வழியாக உடம்பு முழுக்க ஏற்றினால் எங்காவது ரத்தம் கசியும் ஆபத்து. டாட்டர் கத்தீட்டரைக் கட்டிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்து, வழக்கமான அளவில் சுமார் இருபதில் ஒரு பங்கு மருந்தை மெதுவாக அங்கேயே விட்டார். 1974-ல் ஜோசப் ராஷ் உள்ளிட்ட சக டாக்டர்களோடு சேர்ந்து இதை வெளியிட்டார். மருந்தா, கம்பியா என்ற சண்டையை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே குழாயில் அனுப்பினார்.

இந்தச் சோதனை இன்னும் நிற்கவில்லை. கால் அடைப்பை நீக்கிக்கொண்ட 6,564 பேரிடம் நடந்த வாயேஜர் ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு தரப்புக்கு ஆஸ்பிரின் மட்டும், இன்னொரு தரப்புக்கு ஆஸ்பிரினோடு குறைந்த அளவு ரிவராக்ஸபன். கால் திடீரென்று அடைபடுவது, பெரிய அளவில் காலை எடுப்பது, மாரடைப்பு, மூளையில் அடைப்பால் வரும் பக்கவாதம், இதயக் கோளாறால் மரணம் எல்லாம் சேர்த்து மூன்று வருஷத்தில் முதல் தரப்பில் 19.9 சதவீதம், இரண்டாவது தரப்பில் 17.3 சதவீதம். பதிலுக்கு ரத்தக்கசிவு கொஞ்சம் கூடியது. அதனால்தான் யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை ஆளைப் பார்த்து டாக்டர் முடிவு செய்கிறார். நாமாக நிறுத்துவதும் நாமாகத் தொடர்வதும் இரண்டுமே வம்பு.

மலையேறிய நோயாளி

டாட்டருக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஹாட்ஜ்கின் என்ற நிணநீர் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டு, ஆல்ப்ஸில் உள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறிவிட்டு வந்தார்! பிறகு இதயத்தில் பிரச்சினை, பைபாஸ். காலமெல்லாம் கத்தி வேண்டாம் என்று வாதாடியவரைக் கடைசியில் சர்ஜன்கள்தான் திறந்தார்கள்.

அதற்குள் அவரது பாதை எங்கேயோ போயிருந்தது. டாட்டரிங் கற்றுக்கொண்ட ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக், 1974-ல் அதைப் பலூனாக மாற்றிக் காலில் பயன்படுத்தினார். 1977-ல் ஸூரிச்சில் இதயத்துக்கே கொண்டு போனார். மறு வருஷம் டாட்டரின் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை.

1985 பிப்ரவரி 15-ம் தேதி, 64 வயதில் போர்ட்லாண்டில் காலமானார். ஐந்து வருஷம் கழித்து அதே மருத்துவமனையில் அவர் பெயரில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார்கள்.