சிறு மாசும் பெரு விளைவும்

ஏழாயிரம்பண்ணையில் மத்தாப்புக்கு மருந்து கலப்போர், சேரும் பொருள் மாறினால் ஒளியின் நிறமே மாறும் என்பதை அனுபவத்தால் அறிவர். ஸ்ட்ரான்சியம் உப்பு சுடரைச் செந்நிறமாக்கும். பேரியம் உப்பு பச்சையாக்கும். உலோகத்திலும் அயற்பொருளின் ஆற்றல் பெரிது. தூய செம்பில் சிறிதளவு நிக்கல் கலந்தாலே அதன் மின்தடை வெகுவாக உயர்கிறது. பொருளின் உள்ளமைப்புக்கும் பண்புக்கும் உள்ள இத்தகைய தொடர்புகளை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்ற அறிஞர் ஒருவர் இதே விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவரே கே. எஸ். கிருஷ்ணன்.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், திருவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வி பெற்றார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் உயர்கல்வி பயின்றார். 1923இல் கொல்கத்தாவில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது அவருக்குத் துணைநின்று உழைத்தார். 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. கிருஷ்ணனோ அதற்கு முன்பே டாக்கா பல்கலைக்கழகம் சென்று, தமக்கெனத் தனிப்பாதை வகுக்கத் தொடங்கியிருந்தார்.

அங்கே அவர் படிகங்களின் காந்தப்பண்பை ஆராய்ந்தார். சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் அது திரும்பும் அளவை நுட்பமாகக் கணித்தார். எளிய கருவியைக்கொண்டு, படிகத்துள் அணுக்களும் மூலக்கூறுகளும் அமைந்திருக்கும் முறையை அறிய வழிகண்டார்.

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கு ஏ. பி. பாட்டியாவுடன் இணைந்து உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். குவாண்டம் இயற்பியலின்படி எலக்ட்ரான் அலையாகவும் இயங்கும். அணுக்கள் பிசகின்றி அணிவகுத்த அணிக்கோவையில் அவ்வலை தடையின்றிச் செல்லும். வெப்பத்தால் அணுக்கள் அதிர்ந்தாலோ, உலோகம் உருகி ஒழுங்கு குலைந்தாலோ, அயலணு ஒன்று இடையே புகுந்தாலோ அலை சிதறும். அச்சிதறலே மின்தடையாக வெளிப்படுகிறது. அலையைச் சிதறச் செய்வதோடு நில்லாமல், அதனை உறிஞ்சவோ பெருக்கவோ வல்ல மாசு ஓரிடத்தில் அமைந்தால் அணிக்கோவை முழுவதும் என்னாகும் என்பதை இன்றைய அறிஞர் ஆராய்கின்றனர்.

1940இல் இலண்டன் அரசக் கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிருஷ்ணன், 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1961ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் மறைந்தார்.

இராமனின் துணைவராக மட்டுமே அவரை நினைப்பது முழுமையன்று. ஒளியில் தொடங்கிய அவர்தம் தேடல், படிகத்தின் உள்ளொழுங்கு வரை சென்றது. சிறியதெனக் கருதிப் பிறர் கடந்துசெல்லும் மாறுபாட்டை நின்று நோக்கி, 'ஏன்' எனக் கேட்பதே அறிவியலின் முதற்படி என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.