கருவின் இழைகளைக் கண்டவர்

பெனிசிலின் கண்ட பிளெமிங்கை நம் மாணவர் நன்கறிவர். இங்குக் கூறப்புகுவது அவரினும் மூத்தவரான வேறொரு பிளெமிங்கைப் பற்றி. வால்தர் பிளெமிங் என்பது அவர் பெயர். ஜேர்மனியின் வடபால், சுவெரின் நகரையடுத்த சாக்சன்பேர்க்கில், மனநோய் மருத்துவர் ஒருவரின் மகனாக 1843 இற் பிறந்தார். தாமும் மருத்துவங் கற்று, 1870 இல் மூண்ட பிரான்சியப் போரிற் படை மருத்துவராகப் பணிபுரிந்து, பிராக் நகரிற் சிலகாலம் கற்பித்தபின், 1876 இல் கீல் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியற் பேராசிரியரானார். எஞ்சிய வாழ்நாள் அந்நகரிலேயே கழிந்தது.

உயிர்க்கலம் பிரிந்து பெருகுகின்றது என்பதை அறிஞர் அக்காலத்தில் ஒப்புக்கொண்டிருந்தனர். எங்ஙனம் பிரிகின்றது என்பதே வழக்கு. பிரியும் வேளையிற் கலத்தின் கரு கரைந்தொழிகின்றது என்று கொண்டாரும் உளர். சாயமூட்டிய கலங்களில் இழைபோன்ற சில உருவங்கள் தோன்றியது உண்மையே. ஆயின் அவ்வாறு சாயமூட்டுமுன் கலத்தைக் கொல்லவேண்டியிருந்தது. செத்த கலத்திற் காணும் இழை உயிருள்ள கலத்திலும் இருந்ததோ, அன்றி அமிலமும் சாயமும் விளைத்த மாயமோ? நியாயமான ஐயம். இதற்கு விடை காணாது மேற்செல்லப் பிளெமிங் உடன்படவில்லை.

அவர் தேர்ந்துகொண்டது, நம் நாட்டிற் காணப்படாத சலமாந்தர் என்னும் வாலுடைய ஈரூடகவாழியின் குடம்பி. அதன் கலங்கள் பெரியவை; வாற்செட்டையோ ஒளி ஊடுருவத்தக்க மென்மையுடையது. உயிருள்ள குடம்பியை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, கலம் இரண்டாகும் நிலைகளைப் பொறுமையோடு நோக்கி வரைந்தார். பின்னர் அதே நிலைகளைச் சாயமூட்டிய கலங்களிலும் தேடி, இரண்டையும் ஒப்பிட்டார். இழைகள் மெய்யே. கரு அழியவில்லை, அதனுட் கிடந்த பொருளே இழைகளாகத் திரண்டது. சாயத்தை விரும்பிப் பற்றும் அப்பொருளுக்குக் குரோமற்றின் என்றும், இப்பிரிவு முறைக்கு, இழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று மைற்றோசிசு என்றும் பெயரிட்டார். நம் நூல்கள் அதனை இழையுருப்பிரிவு என்பது எத்துணைப் பொருத்தம்!

அவர் கண்டவற்றுள் தலையாயது, என் கருத்தில், இவ்விழை ஒவ்வொன்றும் நெடுக்கே இரண்டாகப் பிளந்திருத்தலே. குறுக்கே துண்டுபட்டால் ஒரு பாதியில் உள்ளது மறுபாதியில் இராது. நெடுக்கே பிளந்தாலோ, தலைமுதல் அடிவரை உள்ள யாவும் இரு கூற்றினும் அமையும். இதன் பொருளை 1883 இல் வில்கெல்ம் ரூ விளக்கினார். பிளந்த பாதிகள் எதிரெதிர் முனைகளை அடைவதை அதேயாண்டிற் பெல்சியத்து வான் பெனெடன் குதிரையின் குடற்புழுவின் முட்டையிற் கண்டு நிறுவினார். இருவருக்கும் வழி திறந்தது பிளெமிங் 1882 இல் வெளியிட்ட நூலே.

நிறமூர்த்தம் என நாம் இன்று வழங்குஞ் சொல்லோ அவருடையதன்று. குரோமோசோம் என்னும் அதன் மூலச்சொல்லை 1888 இல் வால்டையர் ஆக்கினார்.

மெண்டல் 1866 இல் அச்சிட்ட பட்டாணி ஆராய்ச்சி 1900 வரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. அது மீண்டும் வெளிப்பட்டபின், 1902 இலும் 1903 இலும் போவேரியும் சற்றனும் பரம்பரை இயல்புகளை இவ்விழைகளோடு தொடுத்தனர். பிளெமிங் 1905 ஓகஸ்டு 4 ஆந் திகதி கீல் நகரிற் காலமானார்.