அடையாற்றில் வாழ்ந்த மாண்டிசோரி அம்மையார்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய ஊர்களில் காலை எட்டு மணிக்குத் தெருவில் நிற்போர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். முதுகை மறைக்கும் பைகளுடன் எல்.கே.ஜி. குழந்தைகள் ஆட்டோக்களில் நெருங்கி அமர்ந்து செல்வர். பையினுள் நான்கு கோடு போட்ட நோட்டு ஒன்றும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் இருக்கும். முன்னது எழுத்துக்கு, பின்னது எண்ணுக்கு. நான்கு வயது நிரம்பாத தம் பிள்ளை நூறு வரை எழுதிவிட்டது என்று பெற்றோர் பூரிப்பர். அதே பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டைகளை எடுத்துத் தருமாறு கேட்டால், கை நிறைய அள்ளித் தந்துவிட்டு ஓடிவிடும். எண்ணை எழுதத் தெரிந்த குழந்தைக்கு அவ்வெண்ணின் அளவு தெரியவில்லை!

எண்ணும் எழுத்தும் ஒரு பச்சிளங் குழந்தையின் உள்ளத்தில் எவ்வழியாகப் புகுகின்றன என்பதையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட பெருமாட்டி ஒருவர், இதே சென்னையின் மறுகோடியாகிய அடையாற்றில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் பெயரைத் தாங்கிய பலகைகளை இன்று நம் புறநகர்த் தெருக்கள்தோறும் காண்கிறோம். பலகையை அறிந்த அளவு அவரை நாம் அறிந்திருக்கிறோமா என்பது ஐயத்திற்குரியது.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31 அன்று இத்தாலியில் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். தாய் ரெனில்தே நூலறிவில் நாட்டமுடையவர். பெண்கள் படித்தால் ஆசிரியப் பணிக்கே படிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், மரியா முதலில் தொழில்நுட்பப் பள்ளியிலும் பின்னர் ரோம் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவிலும் பயின்றார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற தொடக்ககாலப் பெண்மணிகளுள் அவர் ஒருவர்.

மருத்துவர் கல்வியாளரானது மனநல விடுதி ஒன்றில்தான். அறிவு வளர்ச்சி குன்றியோர் எனக் கருதப்பட்ட குழந்தைகள் அங்கு வெற்று அறைகளில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பதை மரியா கண்டார். பசியினால் செய்கிறார்கள் என்று பிறர் எண்ணினர். கையில் எடுத்துப் பார்க்க அவ்வறையில் வேறொரு பொருளும் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகுவென் ஆகியோரின் நூல்களைக் கற்று, தொட்டும் தூக்கியும் பொருத்தியும் பார்க்கத்தக்க கருவிகளை அக்குழந்தைகளுக்குத் தந்தார். அவர்களுள் சிலர் பொதுப்பள்ளித் தேர்வில் ஏனைய மாணவரோடு ஒப்பத் தேறினர். நாடே வியந்தது. மரியாவுக்கோ வேறொரு கவலை தோன்றியது. குறைபாடுடைய குழந்தைகள் இவ்வளவு கற்க இயலுமாயின், நலமுடைய குழந்தைகளை இத்தனை பின்தங்க வைத்திருக்கும் நம் பள்ளிகளின் நிலைதான் என்ன என்று அவர் சிந்திக்கலானார்.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது. சான் லொரென்சோ அன்று கூலித் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் படிக்கட்டுகளையும் சுவர்களையும் பாழாக்கியதால், அவர்களை ஓரிடத்தில் வைத்துக் காப்பதற்கென்றே கட்டட உரிமையாளர்கள் அவ்வில்லத்தை அமைத்தனர். ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தனர். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலைகளும் எழுந்தபின் அங்குக் குடியேறிய குடும்பங்களின் நிலை இதனின்றும் மிக வேறுபட்டதன்று.

எழுத்தைக் கற்பிக்கும் எண்ணம் முதலில் அம்மையாருக்கு இல்லை. எழுத்தறியாத தாய்மார்களே வந்து, தம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டுமென்று மன்றாடினர். மரத்தில் எழுத்துகளைச் செய்து வாங்க விரும்பினார். செய்து தருவோர் கிடைக்கவில்லை. எனவே உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். அம்பத்தூர்ப் பட்டறைகளில் இரும்பையும் மரத்தையும் தேய்க்கும் அதே உப்புத்தாள்தான். சொரசொரப்பான வடிவின்மேல் குழந்தை விரலை ஓட்டும். ஆசிரியை அதன் ஒலியைச் சொல்வார். கண் காண, காது கேட்க, விரல் அவ்வழியை நினைவிற் கொள்ளும். இல்லாமையில் பிறந்த இக்கருவி, மரத்தில் செய்த எழுத்தினும் மேலானது என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார்.

அவ்வாண்டின் குளிர்காலத்தில் ஒரு நாள், குழந்தைகள் மொட்டைமாடியில் விளையாடிக்கொண்டிருந்தனர். ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரிலிருந்த புகைபோக்கியை வரையுமாறு அம்மையார் பணித்தார். ஓடுகள் பதித்த தளத்தில் அவன் வரைந்தான். அவர் பாராட்டினார். சிறுவன் அவரைப் பார்த்தான்; சிரித்தான்; பின்னர் தன்னால் எழுத முடிகிறது என்று கூவியவாறு குனிந்து, கை என்னும் சொல்லை எழுதினான். புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். அதுவரை அவன் ஒரு சொல்லைக்கூட எழுதிப் பழகியதில்லை. ஆரவாரம் கேட்டு ஓடிவந்த ஏனைய பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டனர். அடுத்த சில நாள்களில் கதவு, சுவர், தரை ஒன்றும் எஞ்சவில்லை என்பர்.

படிப்பு அதற்குச் சில மாதங்கள் பின்னரே வந்தது. எழுத்து முதலில், வாசிப்பு பிறகு என்னும் இம்முறை அன்றைய ஆசிரியர்களைத் திகைக்க வைத்தது. பொருள்களின் பெயர்களைச் சிறு தாள்களில் எழுதி, படித்தவர் அப்பொருளாகிய பொம்மையை எடுத்து விளையாடலாம் என்று அம்மையார் ஏற்பாடு செய்தார். குழந்தைகளோ பொம்மைகளை விட்டுவிட்டு மேலும் மேலும் தாள்களையே கேட்டனர்!

இதில் நம்மவர்க்குப் புதுமை மிகுதியில்லை எனலாம். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி அகரத்தை விரலால் எழுதிய தலைமுறையும், மக்தபில் பலகையில் எழுதிய அலிஃபையும் பேயையும் விரல்வைத்து ஓதிய தலைமுறையும் நம்மிடையே இருந்தன. விரலின் அறிவை நாம் இழந்தது நோட்டும் பென்சிலும் மலிந்த பின்னரே. பென்சிலைப் பிடிக்கும் வலிமை வருமுன் எழுத்தின் வடிவம் கைக்குப் பழக வேண்டும் என்பதே அம்மையார் கொள்கை. அட்டைகளில் விரலை ஓட்டுவது ஒரு பயிற்சி. உலோக வடிவங்களின் விளிம்பைப் பற்றிக் கோடிழுத்து விரல்களை வலுப்படுத்துவது மற்றொன்று. இரண்டும் தனித்தனியே நடந்து, ஒருநாள் தாமாக இணையும்.

தமிழாசிரியர்கள் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச் செல்வதனால் சான் லொரென்சோ வெற்றி எளிதாயிற்று. ஆங்கிலத்தில் அவ்வெளிமை இல்லை. தமிழிலோ எழுத்துக்கூட்டிப் படிக்க இயலும். ஆயின் 247 என்னும் தொகையைக் காட்டியே குழந்தையை அச்சுறுத்திவிடுகிறோம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, மெய்யோடு உயிர் சேரும்போது வரும் குறிகள் சில என்று தொட்டுணரச் செய்தால் சுமை பெரிதும் குறையும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கணக்கிலும் கைதான் முதலாசிரியர். பத்துக் கோல்கள், முதற்கோல் பத்து சென்டிமீட்டர், பத்தாவது ஒரு மீட்டர். சிவப்பும் நீலமும் மாறி மாறித் தீட்டப்பெற்றவை. ஏழு என்பது ஒன்றைவிட நீளமானது, கனமானது என்று குழந்தை தூக்கியே அறியும். அதன்பின் கதிர்ப்பெட்டி. சுழியம் முதல் ஒன்பது வரை குறித்த அறைகளும், நூல் நூற்கும் கதிர் போன்ற 45 குச்சிகளும் அதில் உண்டு. குழந்தை ஒவ்வோர் அறையிலும் உரிய குச்சிகளை இட்டு முடிக்கையில் கையில் ஒன்றும் மிஞ்சாது. சுழியத்தின் அறை மட்டும் வெறுமையாய் நிற்கும். பாரதம் உலகிற்குத் தந்த சுழியத்தை நான்கு வயதில் ஒரு குழந்தை இதனினும் தெளிவாக உணர வழியுண்டோ? பின்னர் வருவன பொன்னிற மணிகள். ஒற்றை மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தை இரு கைகளால் தூக்கிச் சுமந்த குழந்தைக்கு, மூன்று சுழியங்கள் வெறும் அலங்காரமாகத் தோன்றா.

அம்மையாரின் புகழ் உலகெங்கும் பரவியது. இத்தாலியை ஆண்ட முசோலினி 1920களில் அவர் பள்ளிகளை ஆதரித்தார். அவ்வாதரவை அம்மையார் ஏற்றார். இது அவர் வாழ்வில் விமர்சனத்துக்குரிய பகுதியே. 1934 அளவில் அவ்வுறவு முறிந்தது. 1936இல் உள்நாட்டுப் போரினால் ஸ்பெயினையும் விட்டு நீங்கி, ஹாலந்தில் தங்கினார்.

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில், தம் 69ஆம் வயதில், அம்மையார் சென்னை வந்தார். ஓலைக் குடில்களில் வகுப்பு நடந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்கள் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

அம்மகனைப் பற்றி இங்குக் கூறாமல் செல்லலாகாது. 1898இல் பிறந்த மரியோவைத் தம்முடன் வைத்து வளர்க்கும் பேறு அம்மையாருக்கு வாய்க்கவில்லை. சூழ்நிலையால் நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்ந்து, பதின்வயதில்தான் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன் பின்னரும் உலகத்தார் முன் நெடுங்காலம் அவர் உறவினராகவே அறிமுகப்படுத்தப்பட்டார். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் இல்லம் அமைத்தவரின் நெஞ்சில் இருந்த காயம் இது.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாற்று எல்லைக்குள் நிறுத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31 அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாட் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாய் வெளிப்படச் சொல்ல இயலாதிருந்த சொல்லை அரசு தந்தியே எழுதிவிட்டது.

போர்க்காலத்தில் ஈராண்டுகள் கொடைக்கானலில் இருவரும் தங்கிப் பல வயதுக் குழந்தைகள் ஒருங்கே கற்கும் பள்ளியை நடத்தினர். 1946இல் ஐரோப்பா சென்ற அம்மையார் அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு மீண்டார். அகமதாபாத்தில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில், பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் உள்ளம் சூழலைத் தன்னுள் ஈர்க்கும் ஆற்றலை விளக்கும் நூல் 1949இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. அதே ஆண்டில் கராச்சியிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் இம்மண்ணில் பயின்றனர்.

தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தோன்றிய முறை பின்னாளில் பெருங்கட்டணப் பள்ளிகளின் உடைமையாயிற்று. எனினும் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அம்மையாரின் கருத்துகளை ஏழைப் பிள்ளைகளிடம் ஓரளவு கொண்டு சேர்த்தது. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் அரசு மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அட்டையும் மணியும் வாங்கிக் கொடுப்பது எளிது. குழந்தை பிழை செய்து தானே திருத்திக்கொள்ளும்வரை ஆசிரியர் பொறுத்து நிற்பதும், நோட்டில் பக்கம் நிறையவில்லையே என்று பெற்றோர் கேட்கும்போது தளராதிருப்பதும் எளிதல்ல.

1952 மே 6 அன்று ஹாலந்தின் நோர்த்விக் கடற்கரை ஊரில், தம் 81ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது பற்றி அன்றுதான் மகனோடு பேசிக்கொண்டிருந்தார்.