துறைமுக எழுத்தரும் பதின்மூன்று இலக்க எண்ணும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது தமிழ் மரபு. எழுத்தைப் பயிற்றும் துறையினராகிய நாம், எண்ணையே உயிர்மூச்சாகக் கொண்ட கணித மேதை சீனிவாச இராமானுஜனை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமே. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடலோரத்தில் வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர். வறுமையுற்ற நாளில் அவருக்குச் சோறிட்டது சென்னைத் துறைமுகமே.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்தமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், 1907-இல் எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். பட்டமின்றி வேலை தேடி அலைந்தவருக்கு 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் ரூ. 30. அக்கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் அவ்வெழுத்தரின் அறிவாற்றலை உணர்ந்து ஊக்கமளித்தனர். 1913-இல் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் ரூ. 75 உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று, தாம் பணிபுரிந்த துறைமுகத்திலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

1915-இல் இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட அவரது ஆய்வுரை, உயர் பகு எண்களைப் பற்றியது. தன்னினும் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான காரணிகளை உடையதே உயர் பகு எண். சான்றாக 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் உள. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இத்தகைய எண்களை வரிசைப்படுத்திய இராமானுஜனின் பட்டியல் 6746328388800 என்னும் பேரெண்ணில் முடிகிறது. 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருகி அமைந்தது அவ்வெண். ஒவ்வொரு முறையெண்ணுடனும் ஒன்றைக் கூட்டி, அனைத்தையும் பெருக்கினால் காரணிகளின் தொகை 10080 எனக் கிடைக்கும். பகா எண்கள் பெரியவாகுந்தோறும் அவை வரும் முறை மிகுவதில்லை என்னும் ஒழுங்கையும் அவர் நிறுவினார்.

கணிப்பொறி இல்லாத காலம் அது. நூற்றுக்கு மேற்பட்ட எண்களைக் கொண்ட அப்பட்டியலில் விடுபட்டது 293318625600 என்னும் ஓர் எண்ணே. வியப்பு யாதெனில், அதனை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கிறது!

இவ்வாய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1918-இல் இராயல் கழக உறுப்பினரானார். நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் 1993-இல் நம் இராயபுரத்தில் அருங்காட்சியகம் ஒன்று தோன்றியது.

தேர்வில் தோற்றுத் துறைமுகத்திலும் ஆலைகளிலும் பணி நாடும் இளைஞர் இப்பகுதியில் பலர். அவர்தம் திறனை மதிப்பெண்ணால் மட்டும் அளத்தல் தகாது. ஸ்பிரிங்கும் நாராயண ஐயரும் கொண்டிருந்த பார்வையை ஆசிரியராகிய நாமும் பெறுவோமாக.