உப்பில் தொடங்கி பெட்ரோலுக்கு வந்த ஆராய்ச்சி: யார் இந்த ஜே.சி.கோஷ்?

கோவளம் வழியாகப் போகிறவர்களுக்கு இரண்டு காட்சிகள் பழக்கமானவை. ஒரு பக்கம் கடலில் டீசல் இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகுகள். இன்னொரு பக்கம் கேளம்பாக்கம் பகுதி உப்பளங்கள். உப்புக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். இந்த இரண்டையும் தொட்டு ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஞான் சந்திர கோஷ்.

இன்று உலகம் பேசும் பசுமை எரிபொருளின் அடிப்படை வேதியியலை, சுதந்திரத்துக்கு முன்பே இந்திய ஆய்வகத்தில் கையில் எடுத்தவர் இவர்.

முதல் புகழ், முதல் அடி

இன்றைய மேற்கு வங்கத்தில் உள்ள புருலியாவில் 1894ல் பிறந்தார் கோஷ். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பி.சி.ராயின் மாணவர். எஸ்.என்.போஸும் மேக்நாத் சாஹாவும் வகுப்புத் தோழர்கள்.

உப்பு தண்ணீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிகிறது. அந்த அயனிகள் கரைசலுக்குள் எப்படி இருக்கின்றன? படிகத்தில் இருப்பது போலவே ஓர் ஒழுங்கில் நிற்கின்றன என்று கோஷ் கணக்கிட்டுச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 25கூட ஆகவில்லை. ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகளே அதைக் கவனித்தார்கள். லண்டனில் டோனனிடம் ஆய்வு செய்துவிட்டு, 1921ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார்.

ஆனால் 1923ல் டிபையும் ஹக்கலும் வேறொரு விளக்கம் தந்தார்கள். அயனிகள் வரிசையாக நிற்பதில்லை, ஓயாமல் அலைகின்றன என்றது அது. சோதனை முடிவுகளோடு அதுவே நன்றாகப் பொருந்தியது. கோஷின் கோட்பாடு பின்னுக்குப் போனது. உலகப் புகழ் கொடுத்த கோட்பாடு, சில வருடங்களிலேயே கைவிட்டுப் போனது. பலர் அதோடு ஒதுங்கியிருப்பார்கள். கோஷ் ஒதுங்கவில்லை. அவர் கவனம் வேறு துறைகளுக்கு நகர்ந்தது.

பெங்களூரில் என்ன நடந்தது?

1939ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அதே வருடம் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. 1942ல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றுபோனது. இந்தியாவிடம் நிலக்கரி ஏராளம். எண்ணெய் ரொம்பக் குறைவு.

நிலக்கரியை எண்ணெயாக மாற்ற முடியுமா? முடியும் என்று 1925ல் ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் காட்டியிருந்தார்கள். நிலக்கரியோடு நீராவியைச் சேர்த்துச் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். அந்தக் கலவையை இரும்பு அல்லது கோபால்ட் மேல் செலுத்தினால் பெட்ரோல், டீசல், மெழுகு எல்லாம் உருவாகும்.

இங்கே இரும்பும் கோபால்ட்டும்தான் வினையூக்கி. தான் தீர்ந்துபோகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள். வாயு மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் ஒட்டுகின்றன, பழைய பிணைப்பு அறுகிறது, கார்பன்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. எந்த வாயு எவ்வளவு ஒட்டும், எந்த வெப்பத்தில் ஒட்டும்? கோஷும் அவருடைய குழுவினரும் துருவிப் பார்த்தது இதைத்தான்.

கைநழுவிய வாய்ப்பு

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. மேற்காசியாவிலிருந்து மலிவான கச்சா எண்ணெய் வந்தது. இந்தியா சுத்திகரிப்பு ஆலைகளைக் கட்டியது. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையை 1955ல் பெரிய அளவில் இயக்கியது தென்னாப்பிரிக்காதான்.

கோஷ் கல்வி நிறுவனங்களைக் கட்டும் வேலைக்குப் போனார். காரக்பூரில் நாட்டின் முதல் ஐஐடிக்கு முதல் இயக்குநர் அவர். பிறகு கொல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக்குழு உறுப்பினர். 1959 ஜனவரியில் மறைந்தார்.

அதே 1959ல் சென்னை ஐஐடி தொடங்கியது. கோஷோடு சேர்ந்து வினையூக்க ஆய்வு செய்த எம்.வி.சி.சாஸ்திரி அங்கே வேதியியல் பேராசிரியராக வந்தார். 2006ல் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் அமைந்ததும் அதே வளாகத்தில்தான்.

இன்று ஏன் இது முக்கியம்?

நிலக்கரி வழியில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. எண்ணெய் கிடைக்கும், கூடவே கரியமில வாயுவும் மலை மலையாக வெளியேறும். ஆனால் கார்பன் எங்கிருந்து வந்தது என்று வினையூக்கி கேட்பதில்லை. புகைபோக்கியில் பிடித்த கரியமில வாயு, விவசாயக் கழிவு, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜன் என எதிலிருந்து வந்தாலும் அதே வினை நடக்கும்.

சர்வதேச விமானங்களின் எரிபொருளில் 2027ல் 1%, 2030ல் 5% பசுமை எரிபொருள் கலக்க இந்தியா இலக்கு வைத்துள்ளது. தேவையான கச்சா எண்ணெயில் 85%க்கு மேல் இன்னும் இறக்குமதிதான்.

ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. வினையூக்கி வேகத்தைத் தரும், ஆற்றலைத் தராது. கரியமில வாயுவை எரிபொருளாக்க நிறைய மின்சாரம் வேண்டும். அதனால்தான் விலை இன்னும் அதிகம். அந்த விலை இறங்கினால், இப்படித் தயாராகும் டீசலைக் கோவளம் படகுகள் இப்போதிருக்கும் இன்ஜினிலேயே ஊற்றி ஓட்டலாம். வெளியிலிருந்து வரும் எண்ணெயை நம்பியிருக்கும் நாடு, இருப்பதை வைத்து எரிபொருள் செய்ய முடியுமா? கோஷ் காலத்துக் கேள்விதான் அது. இன்னும் முழுசாக விடை கிடைக்கவில்லை.