நாய்க்குட்டிகளுடன் நிற்கும் வீரர்!

அயர்லாந்து நாட்டின் தென்மேற்கில் அன்னாஸ்கால் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள சிறு பூங்காவில் ஒரு சிலை. ஒரு கையில் பனியில் ஊன்றி நடக்கும் கோல்கள். மறு கையில் இரண்டு நாய்க்குட்டிகள்!

யார் இவர் தெரியுமா, குட்டீஸ்? இவர்தான் டாம் கிரீன். அந்த ஊரின் அருகே, ஏழை விவசாயி வீட்டில் 1877ல் பிறந்தவர். 1893ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். பின்னர், அண்டார்டிகாவுக்கு மூன்று முறை பயணம் போனார்.

இரண்டாவது பயணத்தின் தலைவர் கேப்டன் ஸ்காட். 1912 ஜனவரியில், தென் துருவத்துக்கு இன்னும் 270 கி.மீ., தூரமே இருந்தது. ஸ்காட் நான்கு பேரை மட்டும் தம்முடன் அழைத்துக் கொண்டு, கிரீன், லாஷ்லி, லெப்டினன்ட் எவன்ஸ் மூவரையும் திரும்பிப் போகச் சொன்னார். ஏமாற்றத்தில் கிரீன் அழுதே விட்டார்.

திரும்பும் வழியில் எவன்சுக்கு ஸ்கர்வி நோய் முற்றியது. வைட்டமின் சி குறைவால் வரும் நோய் இது. நிற்கக்கூட முடியாத எவன்ஸ், தன்னை விட்டுவிட்டுப் போகும்படி உத்தரவிட்டார். இருவரும் கேட்கவில்லை. சறுக்கு வண்டியில் படுக்க வைத்து, நாள் கணக்கில் இழுத்து வந்தனர். ஒரு கட்டத்தில் அவர்களுக்கும் தெம்பு போயிற்று. உணவும் தீரும் நிலை!

நோயாளிக்குத் துணையாக லாஷ்லி கூடாரத்தில் தங்கினார். உதவி தேடி கிரீன் தனியே கிளம்பினார். கையில் மூன்று பிஸ்கெட், இரண்டு சாக்லேட் துண்டுகள். கூடாரமும் இல்லை, படுக்கையும் இல்லை. 56 கி.மீ., தூரத்தை 18 மணி நேரத்தில் நடந்து, குடிசை முகாமை அடைந்தார். சற்று நேரத்தில் பெரும் பனிப்புயல் வீசியது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும்!

புயல் தணிந்ததும் மீட்புக் குழு போனது. எவன்ஸ் பிழைத்தார், பின்னாளில் அட்மிரலாகவும் ஆனார். தென் துருவம் போன ஸ்காட் குழுவினர் ஐவரும் திரும்பும் வழியில் இறந்தனர். அவர்களில் மூவரின் உடல்களைத் தேடிக் கண்டுபிடித்த குழுவிலும் கிரீன் இருந்தார்.

மூன்றாவது பயணம் ஷாக்கிள்டன் தலைமையில் நடந்தது. இந்தப் பயணத்தில் கிரீன் நாய்க்குட்டிகளைப் பாசத்தோடு வளர்த்தார். 1915ல் கப்பல் பனிக்கட்டிகளிடையே நசுங்கி மூழ்கியது. மறு ஆண்டு, உதவி தேடி ஆறு பேர் சிறு படகில் 1,300 கி.மீ.,க்கு மேல் கடலைக் கடந்தனர். அதிலும் கிரீன் உண்டு. தீவில் காத்திருந்த 22 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

1920ல் ஓய்வு பெற்ற கிரீன், சொந்த ஊரில் ஒரு விடுதி நடத்தினார். அதற்கு, 'தென் துருவ விடுதி' என்று பெயர் வைத்தார். ஆனால், தன் சாகசங்களைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பதக்கங்களையும் எடுத்து வைத்து விட்டார். அயர்லாந்து விடுதலைக்குப் போராடிய காலம் அது. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்ததைச் சொல்வதே ஆபத்து. அடக்கமான சுபாவமும் ஒரு காரணம்.

1938ல் குடல்வால் வெடித்து இறந்தார். 65 ஆண்டுகளுக்குப் பின், 2003ல் அந்த விடுதிக்கு எதிரே சிலை எழுந்தது.

தென் துருவத்தில் கிரீனின் கால் படவே இல்லை. ஆனால், சக மனிதனைக் காப்பாற்ற அவர் நடந்த 56 கி.மீ.,யை உலகம் மறக்கவில்லை, குட்டீஸ்!