ஹால்ஸ்டெட்டின் ஊசி

கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது பல்லைவிட ஊசியை நினைத்துத்தான் பயந்தேன். சிறுவயதில் ஊரில் ஒருவர் அவசரமாகப் போட்ட ஊசியை இன்னும் மறக்கவில்லை. இவர் முதலில் ஈறில் ஏதோ களிம்பைத் தடவிவிட்டுக் காத்திருந்தார். பிறகு கீழ்த்தாடையின் பின்பக்கம் ஒரே இடத்தில், மிக மெதுவாக மருந்தைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் பாதித் தாடையும் உதடும் வேறு யாருடையவோ போல ஆகிவிட்டன. இந்த வித்தையை முதலில் செய்தவர் யார் என்று தேடப்போய்த்தான் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட்டிடம் வந்து சேர்ந்தேன்.

ஹால்ஸ்டெட் 1852இல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். யேலில் படித்தபோது படிப்பைவிடக் கால்பந்தில்தான் பெயர் வாங்கினார். மருத்துவப் பட்டம் பெற்று, ஐரோப்பாவில் இரண்டு வருடம் கற்று, 1880இல் ஊர் திரும்பினார். அசாத்தியத் துணிச்சல்காரர். பிரசவத்திற்குப்பின் ரத்தப்போக்கில் கிடந்த தங்கைக்குத் தன் ரத்தத்தையே எடுத்து ஏற்றினார். 1882இல் தாயாரின் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்தார். இருவரும் பிழைத்தார்கள்.

1884 செப்டம்பரில் வியன்னாவின் இளம் கண் மருத்துவர் கார்ல் கோலரின் கண்டுபிடிப்பு வெளியானது. கோகெய்ன் கரைசலை இரண்டு சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும். அதுவரை ஈதரும் குளோரோஃபார்மும் ஆளையே தூங்கவைத்தன. ஆனால் தோலின்மேல் சொட்டு விட்டால் பயனில்லை, ஊசி வேண்டும். வெட்டப்போகும் இடத்தைச் சுற்றி எத்தனை முறை குத்துவது? வலி நரம்பு வழியாகத்தானே போகிறது, அந்த நரம்பின் மூலத்தில் ஒரு முறை போட்டால் போதாதா என்பது ஹால்ஸ்டெட்டின் யோசனை. தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்காமல் மூலையில் ஃப்யூஸைப் பிடுங்குவது மாதிரி. அந்த வருடம் முடிவதற்குள் அவரும் நண்பர் ரிச்சர்ட் ஹாலும் கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்துவிட்டார்கள். என் வாயில் நடந்தது அதேதான்.

யார்மீது சோதித்தார்கள் என்பதில்தான் கதை திரும்புகிறது. எங்கள் தொழிலில் புதிய நிரலை ஓட்டிப் பார்க்கத் தனியாக ஒரு கணினி ஒதுக்குவோம். அவர்களுக்கு இருந்தது சொந்த நரம்புகள். ஒருவர் மாற்றி ஒருவர் குத்திக்கொண்டார்கள். கோகெய்ன் ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்பது அன்று சரியாகப் புரிந்திருக்கவில்லை.

1885 செப்டம்பரில் கோகெய்ன் பற்றி ஹால்ஸ்டெட் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. போதை எழுதிய வாக்கியம் அது. ஆனால் அதே வருடம், தோலுக்குள் வெறும் தண்ணீரைச் செலுத்தினால்கூட அந்த இடம் மரக்கிறது என்றும் குறித்திருக்கிறார். தண்ணீர் ஊசி எரியும், அது வேறு விஷயம். கொஞ்ச மருந்தே போதுமா என்ற கேள்விக்கு அதில் வழி இருந்தது. 1890களில் ஜெர்மானியர் ஷ்லைஹ், மிக நீர்த்த கோகெய்னை உப்புக் கரைசலில் கலந்து பயன்படுத்தினார். பிறகு 1905 வாக்கில் நோவகெய்ன், 1940களில் லிடோகெய்ன் என்று கோகெய்னே விலகிப்போனது. எரிச்சல் மட்டும் முழுதாக விலகவில்லை. மருந்து கெடாமலிருக்கப் பெரும்பாலும் அமிலத்தன்மையோடு அடைக்கிறார்கள். அதனால்தான் சிலர் போடுவதற்குச் சற்றுமுன் சோடியம் பைகார்பனேட் சேர்க்கிறார்கள், உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், நிதானமாகச் செலுத்துகிறார்கள்.

ஹால்ஸ்டெட் 1886இல் ரோட் ஐலண்டில் பட்லர் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கிருந்து மார்ஃபின் பழக்கத்தோடு வெளியே வந்தார். ஒன்று போய் மற்றொன்று. நண்பர் வில்லியம் வெல்ச் கைவிடாமல் பால்டிமோருக்கு அழைத்து ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார். இடையில் மறுபடி பட்லர். அதன்பின்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தலைமை அறுவை மருத்துவர், 1892இல் பேராசிரியர்.

பால்டிமோரில் தென்பட்டவர் வேறொரு மனிதர். கலகலப்பும் வேகமும் போய், ஒதுங்கி வாழ்பவராக, மணிக்கணக்கில் பொறுமையாக அறுப்பவராக மாறியிருந்தார். கிருமிநாசினியால் கை புண்ணான செவிலி கரோலின் ஹாம்டனுக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். 1890இல் அவரையே மணந்தார். மார்பகப் புற்றுக்கு அவர் வகுத்த பெரிய அறுவை முறை பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அவ்வளவு வெட்டத் தேவையில்லை என்பது பின்னால் தெரிந்தது. அவரைப் புகழும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

மார்ஃபின் தொடர்ந்ததை உடனிருந்த வில்லியம் ஆஸ்லர் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டிவைத்தார். அது 1969இல்தான் திறக்கப்பட்டது. இவ்வளவு காலம் ஒருவர் அப்படி வேலை செய்ய முடியுமா என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நரம்பு ஊசிக்காக அமெரிக்கப் பல் மருத்துவர்கள் அவரைக் கௌரவித்தது 1922இல். அதே செப்டம்பரில், தாயாருக்கு வந்த அதே பித்தக்கல் நோய்க்கு மாணவர்கள் அறுவை செய்தபின் இறந்தார்.

தையல் பிரிக்கப் போனபோது என் மருத்துவரிடம் ஹால்ஸ்டெட் பெயரைச் சொன்னேன். கையுறைக்காரர்தானே என்று கேட்டார், கையுறையை மாட்டிக்கொண்டே.